என் ஜன்னலில் அவர் தூங்கினார்

ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. அந்த மனுஷனை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம் எங்களுடையது. நான் படித்து, செங்கல்பட்டில் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். விமானம் என்றால் எனக்குப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி மீனம்பாக்கத்தில் இறங்கி, விமான நிலைய வேலியோரம் வெயிலில் நிற்பேன். சத்தத்தை வைத்தே எந்த விமானம் என்று சொல்லிவிடுவேன். ஒன்றில்கூட ஏறியதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில், புது இயந்திரம் ஒன்றைப் பழகிவர எங்கள் தொழிற்சாலையிலிருந்து இரண்டு பேரை மூன்று மாதம் கனடாவுக்கு அனுப்பினார்கள். ஒருவர் என் மேலதிகாரி, இன்னொருவன் நான். மெட்ராஸ், பம்பாய், பெய்ரூட், ரோம், லண்டன், மாண்ட்ரியல். கிளம்பும்வரை இந்தப் பெயர்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரிந்தேன். அப்பா வலையை உதறிக்கொண்டே, "மேலேர்ந்து பாத்தா நம்ம கரை தெரியுமா நைனா?" என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

மெட்ராஸில் முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அது கேரவல் விமானம். ஜன்னல் முக்கோணமாக இருக்கும். அதிகாரி வந்து நின்றார். தனக்குத் தலை சுற்றும், நீ இந்தப் பக்கம் வா என்றார். நகர்ந்தேன். விமானம் எழும்பிக் கடல்மேல் திரும்பியபோது எங்கள் கரை தெரிந்திருக்கும். அவர் திரையை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பம்பாயில் பெரிய போயிங் செவன்-ஓ-செவன் விமானம். கவுண்டரில் சொல்லி ஜன்னல் சீட்டு வாங்கினேன். அதிலும் அவர்தான் உட்கார்ந்தார். திரையைக் கொஞ்சம் விலக்கலாமா என்று கெஞ்சினேன்.

"கீழே கடல்தானேய்யா. உங்க ஆளுங்களுக்கு அதைப் பாத்துப் பாத்துச் சலிச்சிருக்காதா?" என்றார்.

உங்க ஆளுங்க. அந்தச் சொல் முள்ளாகக் குத்தியது. ஆனாலும் சரி சார் என்றுதான் சொன்னேன். என் கோபத்தில் பாதி என்மேலேயேதான்.

பெய்ரூட் தாண்டி இரண்டு மணி நேரம் ஆனதும், எவ்வளவு உயரத்தில் பறக்கிறோம், எதிர்க்காற்றின் வேகம் என்ன என்று ஏழெட்டுக் கேள்விகளை ஒரு காகிதத்தில் எழுதி, கேப்டனிடம் சேர்க்கச் சொல்லிப் பணிப்பெண்ணிடம் கொடுத்தேன். அடியில், எனக்குக் கொடுத்திருந்த அந்த ஜன்னல் சீட்டின் எண்ணைக் குறித்திருந்தேன். கழிவறைக்குப் போய்த் திரும்பினால் அதிகாரியைக் காணோம். கேப்டன் அந்த எண்ணில் இருப்பவரை விமானி அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார். பணிப்பெண், அங்கே தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிக் கூட்டிப்போய்விட்டாள்.

அரைமணி கழித்து வந்தார். "நிறைய கடிகாரம் வெச்சிருக்கான். வேற ஒண்ணுமில்ல," என்று அந்தக் காகிதத்தை என் மடியில் போட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் கேப்டன் பென்சிலால் பதில் எழுதியிருந்தார். அந்தக் கேள்விகள் யாருடையவை என்று தெரிந்தும் இவர் அங்கே அரைமணி உட்கார்ந்திருந்தார். பணிப்பெண்ணிடம் ஓடினேன். அவள் வருத்தப்பட்டாள்; ரோமில் இறங்கப்போகிறோம், இனி யாரையும் விடமாட்டார்கள் என்றாள்.

லண்டனில் விமானம் மாறினோம். அவர் வழக்கம்போல் என் தலைக்கு மேல் வந்து நின்றார்.

"இது என் சீட்டு சார். நீங்க அந்தப் பக்கம் உட்காருங்க."

"யாருகிட்ட பேசறேன்னு தெரியுதா?"

"தெரியுது சார்."

எழுந்திருக்கவில்லை. பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். அட்லாண்டிக் முழுக்க மேகம்தான். கனடா நெருங்கும்போது மேகம் விலகி, கருநீலத் தண்ணீரில் பனிக்கட்டிகள் வெள்ளை வெள்ளையாக மிதப்பது தெரிந்தது. சில்லென்ற கண்ணாடியில் நெற்றியை வைத்து, கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன்.

ஊர் திரும்பியதும் அவர் எழுதிய அறிக்கையில் நான் கீழ்ப்படியாதவன். என் பதவி உயர்வு இரண்டு முறை தள்ளிப்போனது. அப்பாவிடம், மேகமாக இருந்தது, கரை தெரியவில்லை என்று பொய் சொன்னேன்.

கேன்டீனில் அவர், கேப்டனே தன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்த கதையை அடிக்கடி சொல்வார். ஒருநாள் பொறுக்காமல், கேப்டன் கூப்பிட்டது என்னை என்றேன். அவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள், என் கூட்டாளிகள் உட்பட. தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டேன்.