புத்தகத் தட்டில் அப்பா அடித்த கட்டை

“கப்பல்ல எதுக்குங்க லைப்ரரி?” என்று எங்கள் ஊர் அதியமான்கோட்டையில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. அது பயிற்சிக் கப்பல். மாலுமியாகப் படிக்கும் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் நூலகர் நான். கடல் கொந்தளித்தால் புத்தகங்கள் சரிந்து விழும் என்பதால், ஒவ்வொரு தட்டின் முன்னாலும் குறுக்கே ஒரு கட்டை அடித்திருப்பார்கள்.

போன முறை விடுப்பில் வந்தபோது, கப்பலின் ஆட்டம் உடம்பை விட்டுப் போகவே இல்லை. படுத்தால் கட்டில் அசைந்தது. “வூடே ஆடுதுப்பா” என்றேன். பேச்சுவாக்கில் அந்தக் கட்டையைப் பற்றியும் சொன்னேன். கடலையே பார்த்திராத அப்பா, சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

அவருக்கு நெஞ்சுவலி என்று தகவல் வந்தபோது நாங்கள் நடுக்கடலில் இருந்தோம். நான் ஊர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

நேராக என் அறைக்குள் போனேன். கட்டிலுக்கு மேலே இருந்த புத்தகத் தட்டில், குறுக்கே புதிதாக ஒரு கட்டை அடித்திருந்தது. ஓர் ஆணி வளைந்து, பிறகு நிமிர்த்தி அடிக்கப்பட்டிருந்தது.

பின்னாலேயே வந்த அம்மா, “உங்கப்பா அடிச்சதுதான் கண்ணு” என்றார். “வூடு எங்கயாச்சும் ஆடுமாங்கன்னு கேட்டேன். ‘நமக்கு ஆடாது, அவனுக்கு ஆடுதில்ல? தூங்கறப்ப புள்ள மேல வுழுந்துட்டா என்னா பண்றது’ன்னாரு.”

கட்டிலில் உட்கார்ந்தேன். அன்றைக்கு வீடு நிஜமாகவே ஆடியது. புத்தகம் ஒன்றுகூட விழவில்லை.