நடுக் கயிறு

போத்தனூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையும் கூட. கோபக்காரி என்று பெயர், பொய்யில்லை.

ஆர்.எஸ்.புரத்தில் நடந்த பயிற்சி ஒன்றுக்கு எங்களை அனுப்பினார்கள். பிள்ளைகளின் மனநிலையைத் தினமும் கேட்டறிய வேண்டுமாம். போர்ஷன் முடிக்கவே நேரமில்லை, இதில் மனநிலை வேறா என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பினேன். ஆனாலும் கரும்பலகைக்குப் பக்கத்தில் மூன்று கயிறு கட்டினேன். மேலே 'நல்லா இருக்கேன்', நடுவில் 'சுமார்', கீழே 'நல்லா இல்லை'. ஆளுக்கொரு துணி கிளிப். அதில் வருகைப் பதிவேட்டு எண். காலையில் வந்ததும் அவரவர் கிளிப்பை மாட்ட வேண்டும்.

முதல் நாளே நாற்பத்திரண்டு கிளிப்பும் மேல் கயிற்றில். மறுநாளும் அப்படியே. ஒரு மாதத்தில் கனம் தாங்காமல் மேல் கயிறு தொய்ந்து நடுக் கயிற்றில் இடித்தது. என் வகுப்பில் எல்லோரும் சந்தோஷம் என்று தலைமையாசிரியையிடம் பீற்றிக்கொண்டேன்.

அந்த வாரமே பதினேழாம் எண்காரியின் அப்பா டி.சி. கேட்டு விண்ணப்பத்தோடு வந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர். வெள்ளகோவிலில் அவர் தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. "தங்கச்சி தறிக்குப் போகோணுமுங்க. கொழந்தையப் பாத்துக்கப் புள்ளைய அனுப்பறமுங்க." அங்கே பள்ளியில் சேர்ப்பீர்களா என்று கேட்டேன். "பாக்கலாமுங்க" என்றார். எங்கள் ஊரில் அதற்கு இல்லை என்று அர்த்தம்.

"ஹெச்.எம். லீவுங்க, திங்கக்கெழம வாங்க" என்று சொல்லி, விண்ணப்பத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பினேன். பக்கத்து அறையில் ஹெச்.எம். இருமிக்கொண்டிருந்தார்.

பிறகு அவளைக் கூப்பிட்டேன். எனக்கு ரொம்பப் பிடித்த பிள்ளை; தப்பாகப் போட்ட கணக்கைக்கூட அழகாகக் கோடு போட்டு முடிப்பாள்.

"போறதுக்கு உனக்குச் சம்மதமா கண்ணு?"

இல்லை என்று தலையாட்டினாள். கண் நிறைந்துவிட்டது.

"அப்புறம் ஏன் இன்னைக்கும் மேல் கயித்துல மாட்டுன?"

"கீழ மாட்டுனா உங்களுக்குச் சங்கடமாப் போயிருமுங்க மிஸ்."

எனக்குச் சுருக்கென்றது. சாப்பிடாத பிள்ளையும் "சாப்டாச்சுங்க" என்று சொல்கிற ஊர் இது. இங்கே பிறந்து வளர்ந்த நான் எப்படி அந்தக் கயிற்றை நம்பினேன்? என்னைத்தான் திட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை எல்லோரும் பார்க்க, எண் எழுதாத ஒரு கிளிப்பைக் கீழ்க் கயிற்றில் மாட்டினேன். "இது என்னோடது. மனசு நல்லா இல்ல. ஏன்னு கேக்காதீங்க. நீங்களும் எனக்குச் சங்கடமாகும்னு பாக்க வேண்டாம்" என்றேன். முதலில் எழுந்து வந்தவள் பதினேழு. தன் கிளிப்பைக் கழற்றிக் கீழே, என்னுடையதற்குப் பக்கத்தில் மாட்டினாள். அவள் பின்னாலேயே இன்னும் எட்டுப் பேர் வந்தார்கள்.

திங்கட்கிழமை அப்பா வந்தபோது பிள்ளைகள் விளையாட்டு பீரியடுக்குப் போயிருந்தார்கள். காலி வகுப்பில் அவரை நிறுத்திக் கயிறுகளைக் காட்டி விளக்கினேன். மகள் எந்த எண் என்று கேட்டார். மேல் கயிற்றிலிருந்து தேடிக்கொண்டே வந்தார். கீழே வந்ததும் அவர் விரல் நின்றுவிட்டது.

"நான் கேட்டனுங்க டீச்சர். சரிங்கப்பான்னு சொல்லிப்போட்டாளுங்க."

"உங்களுக்கு அனுப்ப இஷ்டமுங்களா?"

"தங்கச்சி வாய்விட்டுக் கேட்டுப்போட்டா. எப்படீங்க மாட்டேங்கறது?" என்றார்.

அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே வியாதி. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. மிச்சமிருந்த கிளிப்புகளில் ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் கீழ்க் கயிற்றில், மகளுடையதை ஒட்டி மாட்டிவிட்டு வராந்தாவுக்குப் போய்த் தங்கைக்குப் போன் போட்டார். குழந்தை தூங்குகிறதா, மழை உண்டா, மாப்பிள்ளை சாப்பிட்டாரா என்று எல்லாம் விசாரித்தார். எனக்கோ பொறுமை போய்க்கொண்டிருந்தது. கடைசியில்தான் சொன்னார்.

"புள்ளைய அனுப்ப முடியாது அம்மணி. வேற ஆளு பாத்துத் தாரேன். அவ படிக்கட்டும்."

டி.சி. விண்ணப்பத்தை என்னிடமிருந்து வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் பதினேழாம் எண் நடுக் கயிற்றில் இருந்தது. என்ன கண்ணு, இன்னும் சுமார்தானா என்று கேட்டேன்.

"அத்தை கோவமா இருக்காங்க மிஸ். சரியாப் போயிருமுங்க."

அந்த நடுக் கயிற்றை நான் நம்பினேன்.