பொறுப்பாளர் என்கிற வரி

மருத்துவமனையில் பழைய கோப்புகளைக் கட்டி மேய்ப்பது அக்காவின் வேலை. வீட்டுக்கு வந்தால் இன்னொன்று, வலியப் போய்த் தலையில் போட்டுக்கொண்டது: எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் சேர்ந்து நடத்தும் ஒரு பெரிய சாஃப்ட்வேர் தொகுப்பில் புதுக் கருவிகளைச் சேர்ப்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு எழுத வேண்டும். எந்தப் பதிப்பு, எங்கிருந்து இறக்குவது, இறக்கிய கோப்பு அசல்தானா என்று பார்க்கக் கைரேகை போல ஒரு நீண்ட எழுத்துக்கோவை, கடைசியில் பொறுப்பாளர் பெயர். எட்டு வருடமாக எழுதுகிறாள். யார் கேட்டாலும் செய்வாள். கேட்காவிட்டால் இன்னும் வேகமாகச் செய்வாள்.

தம்பி விஷயத்தில் இந்தக் குணம் கொஞ்சம் தூக்கல். ஆறு வருடத்துக்கு முன் அவனுக்குப் பார்வை முழுக்கப் போய்விட்டது. ஆற்று நீர்மட்ட அலுவலகத்தில் இருக்கிறான். நாற்பத்திரண்டு அளவுமானிகள் அனுப்பும் எண்களில் பழுதான வரிகளைக் களைந்து கொடுக்க வேண்டும். அதற்கு அவனிடம் ஒரு சின்னக் கருவி. படமும் கிடையாது, பொத்தானும் கிடையாது. கட்டளையைத் தட்டினால் எழுத்தாகவே பதில் வரும், கணினிக் குரல் அதைக் காதில் ஓதும். அலுவலகத்திலேயே வேகமான ஆள் அவன்தான்.

வந்தது வினை! திங்கள் முதல் எல்லாருக்கும் புதுக் கணினி, அக்கா எழுதும் அந்தத் தொகுப்பில் இருப்பதை மட்டுமே நிறுவலாம் என்று உத்தரவு. இவன் கருவி தொகுப்பில் இல்லை. வெள்ளி மாலை ஆறுக்குள் சேராவிட்டால் தொலைபேசி எடுக்கும் மேசைக்கு மாற்றம். "உங்களுக்கும் அதுதான் சௌகரியம்" என்றாராம் மேலாளர். அந்தச் சௌகரியம்தான் தம்பிக்கு வயிற்றெரிச்சல்.

அக்கா அந்த வார ஞாயிறே குறிப்பை எழுதி, கருவியைக் கட்டியும், அதாவது குறிப்பின்படி கோப்பை இறக்கி ஓடும் நிரலாக்கியும், பார்த்துவிட்டாள். செவ்வாயன்று கருவியின் புதுப் பதிப்பு வந்தது. பதிப்பு எண்ணை மாற்றி மறுபடி கட்டினாள். ஒரு தடங்கலும் இல்லை. அனுப்பினாள். தொகுப்பில் சரிபார்ப்பவர் ஒருவர் உண்டு. முகம் தெரியாது, எல்லாரும் வைத்த பெயர் 'கறார்'. வெள்ளி மதியம் அவரிடமிருந்து ஒரே வரி: "என் கணினியில் கட்ட முடியவில்லை. திரும்பப் பாருங்கள்."

"பத்து தடவை கட்டிட்டேன்டா! கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துட்டேன். அந்த ஆளுக்கு என் மேல என்ன கோபமோ!"

"நகரு, நான் பார்க்கிறேன்" என்றான் தம்பி.

"உனக்கு எதுக்குடா சிரமம்?"

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு, கட்டிய கருவியிடமே அதன் பதிப்பைக் கேட்டான். "ஒன்று புள்ளி இரண்டு" என்றது குரல். பிறகு அக்காவின் குறிப்பை வரி வரியாக ஓதவிட்டான். அதில் ஒன்று புள்ளி மூன்று.

"விளக்கெண்ணெய் போதலைக்கா. எண்ணை மாத்தினே, கைரேகையை மாத்தலை. உன் கணினி அந்தக் கைரேகைக்குப் பொருந்துற பழைய கோப்பை எடுத்து, கமுக்கமா அதையே கட்டியிருக்கு. அவர்கிட்டப் பழசு ஏது? புதுசை இறக்கியிருப்பார், பொருந்தலை."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். எட்டு வருட அனுபவம், எல்லாம் வெட்டி! அவசரமாக விசைப்பலகைப் பக்கம் கை நீட்டினாள். அவன் விடவில்லை.

"இரு. இன்னொரு தப்பும் இருக்கு. கடைசி வரி."

"அதுல என்ன? பொறுப்பாளர்னு என் பேருதானே?"

"அதான். தினமும் இதை வச்சுப் பிழைக்கிறவன் நான். எங்கே வழுக்கும், எங்கே உடையும்னு எனக்குத் தெரியும். என்னைக் கேட்டியா நீ?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஆறு வருடமாக அவன் கையிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கி வைத்துக்கொண்டே வந்தது அப்போதுதான் உறைத்தது. நீட்டிய கையை மடியில் வைத்தாள். எழுத்துத் தேடி அவன் விரல் ஒருமுறை தடுமாறியபோதும் எடுக்கவில்லை. கைரேகையை மாற்றினான், கடைசி வரியில் தன் பெயரைத் தட்டினான், அனுப்பினான்.

ஐந்தே முக்காலுக்குப் பதில் வந்தது. குரல் ஓதியது: "சேர்த்தாயிற்று. பொறுப்பாளரே, இனிமேல் இதில் எது கெட்டாலும் உங்களைத்தான் பிடிப்பேன்."

தம்பி அதைத் திரும்ப ஓதவிட்டான். பிறகு இன்னொரு தடவை.