பார்க்காத கயிறு

வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில் என் மனைவியின் அண்ணன் ஒற்றைப் பாய்மரப் படகு ஒன்று வைத்திருந்தார். மலாக்காவிலிருந்து மூவாருக்குச் சரக்கு ஏற்றிப் போவார். மாதம் ஒரு ஞாயிறு நானும் அவரும் காஜா பேராங்கிலிருந்து கடலோரத்து உஜோங் பாசிருக்கு நடந்து போய், தண்ணீர் வற்றியதும் சேற்றில் அமர்ந்த படகைச் சுத்தம் செய்வோம். அடிப்பலகையில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டுவதும், பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துக் குங்கிலியம் பூசுவதும் அவர் வேலை. பாயும் கயிறுகளும் என் பொறுப்பு.

பாயை ஏற்றும் கயிறு பாய்மர உச்சியில் ஒரு கப்பிக்குள் ஓடும். தேய்வது அங்கேதான். ஏறிப் பார்த்து, கொழுப்புத் தடவி இறங்க வேண்டும். அந்த ஞாயிறு வெயிலில் எனக்கு ஏறப் பிடிக்கவில்லை. கீழே நின்றபடியே அண்ணாந்து பார்த்தேன். வேறு காரணம் சொல்வதற்கில்லை.

"மேக்கயிறு பாத்தீங்களா, மாப்பிள்ளே?"

"பாத்துட்டேன் மச்சான்."

இரண்டு நாள் கழித்து, நடுக்கடலில் அந்தக் கயிறு அறுந்தது. பாயும், அதைக் கட்டியிருந்த மேல்கழியும் அவருடைய வலது தோளில் விழுந்தன. கூடப் போனவர்தான் துடுப்புப் போட்டுக் கரை சேர்த்தார். எலும்பு கூடியது, ஆனால் கை நெஞ்சுக்கு மேல் எழவில்லை. பழைய கயிறு, அவ்வளவுதான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மனைவி வைத்துக் கொடுத்த மீன் ரசத்தை நான்தான் தினமும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். அவர் குடித்து முடிக்கும்வரை கட்டிலருகே நிற்பேன். ஏறிப் பார்க்காததை மட்டும் சொல்லவில்லை.

நான்கு மாதம் கழித்து மறுபடி உஜோங் பாசிர் போனோம். அவர் இடது கையால் சுரண்டிக்கொண்டிருந்தார். கயிறு அறுவதற்கு முந்தைய ஞாயிறு நான் மேலே ஏறவே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

சுரண்டும் சத்தம் நின்றது. அவர் திரும்பவில்லை.

"தெரியும். அறுந்த முனையப் பாத்தேன். கொழுப்பே இல்ல."

ஏன் கேட்கவில்லை என்றேன்.

"நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

தண்ணீர் ஏறுவதற்குள் மேலே பார்த்துவிடச் சொன்னார். ஏறினேன். மாற்றிப் போட்டிருந்த கயிற்றைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். முழு நீளத்தையும் விரல்களுக்கிடையே விட்டு மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

படகை விற்கும்வரை மாதாமாதம் அப்படியே செய்தோம். பார்த்தீர்களா என்று அவர் பிறகு என்னிடம் கேட்டதே இல்லை; கயிற்றைத்தான் தடவிப் பார்ப்பார். கேட்டிருக்கலாம் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.