ராமநவமி ஜிம்லெட்

பிள்ளைகளே, நான் மின்விசிறி ரிப்பேருக்குப் போகும் கண்டோன்மெண்ட் கிளப்பில் ஒரு பட்லர் இருந்தார். தலையில் வெள்ளைத் தலைப்பாகை, நெற்றியில் நாமம். மதுவை ஒரு சொட்டுகூட நாக்கில் வைத்ததில்லை. கலந்ததை முகர்ந்து பார்த்தே அனுப்புவார்.

ஒரு ராமநவமியன்று, சீமையிலிருந்து வரும் எலுமிச்சைச் சாறு தீர்ந்துவிட்டது. அது இல்லாமல் ஜின் மதுவில் ஜிம்லெட் என்ற பானம் கலக்க முடியாது.

"சாயங்காலம் ஜிம்லெட் இல்லேன்னா நாளைக்கு நீ வரவேணாம்," என்றார் கிளப் செக்ரட்டரி.

பட்லர் வீட்டுக்குப் போய் ஒரு செம்பு நிறையப் பானகம் கொண்டுவந்து ஜின்னில் ஊற்றினார். எலுமிச்சை, வெல்லம், சுக்கு, ஏலக்காய் எல்லாம் மணந்தன.

"சாமிக்குக் கரைச்சதாச்சே, ஐயா!" என்றேன், அங்கே விசிறி மாட்டிக்கொண்டிருந்த நான்.

"படைச்சப்புறம் எடுத்தா பிரசாதம் தம்பி, பாவம். முன்னாடி எடுத்தா சாமிக்கு எச்சில், அதுவும் பாவம். அதான் தனியா கரைக்கச் சொன்னேன்."

செக்ரட்டரி குடித்துவிட்டு, "பேஷ்! புதுச் சீமைச் சரக்கா?" என்றார்.

"ஆமாங்க சார்."

வேலை தப்பியது. மறுவாரமும் நடந்த ராமநவமி உற்சவப் பந்தலில் பட்லர் பானகம் ஊற்றிக்கொண்டிருந்தார். விருந்தாளியாக வந்த செக்ரட்டரி ஒரு மடக்கு குடித்து யோசித்தார்.

"கிளப்புல குடிச்ச மாதிரியே இருக்கே. ஆனா என்னமோ குறையுது."

"ஆமாங்க சார். இங்க அதை ஊத்தறதில்லே."

செக்ரட்டரி சுற்றிலும் பார்த்தார். பிறகு டம்ளரை மறுபடி நீட்டினார். ஊற்றிய பட்லரின் முகத்தில் சிரிப்பே இல்லை. அது பணிவா, குறும்பா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.