அன்பழகன் முட்டியில் ஒரு காந்தம்

பிசியோதெரபிஸ்ட்டைத் தேடி யாரும் சந்தோஷமாக வருவதில்லை. சந்தோஷமாகத் திரும்பிப் போகிறவர்கள் மறுபடி இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதும் இல்லை. மாடிப்படியைக் கண்டதும் கைப்பிடியைத் தேடுகிற என் இனிய முட்டிவலிக்காரர்களே, நீங்களும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். வலி இருக்கும் வரைக்கும் ‘மேடம், மேடம்’ என்பீர்கள். வலி போனதும் மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால் முருங்கைக்காய் பொறுக்குவதில் மும்முரமாகிவிடுவீர்கள். கோபமில்லை. நெய்வேலி டவுன்ஷிப்பில் என் சின்ன கிளினிக் ஓடுவதே உங்களால்தான். ஆனால் இத்தனை வருஷத்தில் நான் வியந்து பார்த்த முட்டி ஒன்றே ஒன்றுதான். அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

ஸ்பீக்கரும் கரண்டியும்

அன்பழகன் சுரங்கத்தில் பெல்ட் ஃபிட்டர். பழுப்பு நிலக்கரியைச் சுமந்துகொண்டு மைல் கணக்கில் ஓடுகிற ரப்பர் பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓட ஆரம்பித்தால், அடியில் இருக்கிற ரோலரை இம்மியளவு சாய்த்து அதை நேருக்குக் கொண்டுவருவது அவர் வேலை. காடாம்புலியூர்க்காரர். பெல்ட் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, கிளினிக்கில் ரகசியம் சொன்னாலும் தெருவுக்குக் கேட்கும். முதல் நாள் வலது முட்டியில் பெரிய கட்டோடு வந்தார். அவிழ்த்தால் உள்பக்கம் பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தம், முட்டிச்சில்லின் மேல் தட்டி நசுக்கிய ஒரு கரண்டி! சில்லு வெளிப்பக்கமாக நழுவுகிறதாம். காந்தம் கரண்டியை இழுத்தால் கரண்டி சில்லைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருமாம்.

விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் காலை மடக்கி நீட்டிப் பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது. தொடை எலும்பின் நுனியில் ஒரு பள்ளம் உண்டு. சில்லு அதற்குள்தான் ஏறி இறங்க வேண்டும். இவருக்கு ஒவ்வொரு மடக்கலிலும் அது பாதையை விட்டு வெளியே போனது. பெல்ட்டோரத்து இரும்புப் படியில் ஏற்கெனவே விழுந்திருக்கிறார். இன்னொரு தரம் விழுந்தால் லைட் டூட்டி, அதாவது ஆபீஸில் நாற்காலியும் மேசையும். வேறு ஆளாயிருந்தால் சாமிக்குத் தேங்காய் உடைத்திருப்பார். இவர் ஜெயிலுக்குப் போவதைப் போல அதைச் சொன்னார். உடற்பயிற்சியால் மட்டும் இது சரியாகாது என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அதற்கு அவர் கேட்டது: “லைன் வுட்டு ஓடறத இழுத்துப் புடிக்கணும், அவ்ளோதான மேடம்? பெல்ட்டுக்கு ரோலர் இருக்குது. முட்டிக்கு நீங்க இன்னா வச்சிருக்கீங்க?”

வடலூர் டீ

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கரண்டி வைத்தியம் முழுப் பைத்தியக்காரத்தனம் இல்லை. சென்னையில் ஒரு எலும்பு டாக்டர் முட்டிக்குள்ளேயே காந்தம் வைத்துப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். சிரித்த பாவத்துக்கு நானே அவரோடும் அவர் மனைவியோடும் சென்னைக்குப் போனேன். சில்லின் உள்ளோரத்தில் ஒரு சின்னக் காந்தம், அதற்கு எதிரே தொடை எலும்பில் இன்னொன்று. ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சில்லைப் பள்ளத்திலேயே ஓட வைக்கும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். உடம்புக்கு ஒத்துப்போகிற உலோகத்தால் மூடியிருக்குமாம். “புது வழி. எல்லாருக்கும் செய்வதில்லை. கைகொடுக்காமலும் போகலாம்” என்று ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

அன்பழகன் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். “பெல்ட்டுக்கு மேல ஒரு காந்தம் தொங்குதுங்க. அதாண்ட போலாமா?” டாக்டருக்குப் புரியவில்லை. அன்பழகன் இரண்டு கையையும் விரித்து அளவு காட்டினார். மெஷினின் உடைந்த பல், போல்ட் என்று நிலக்கரியோடு வருகிற இரும்பையெல்லாம் அது மேலே இழுத்துக்கொள்ளுமாம். அதைச் சுத்தம் செய்வதில் இவரை அடிக்க ஆளில்லையாம். டாக்டர் முகம் மாறிவிட்டது. அந்தப் பக்கம் தலைவைத்தே படுக்கக் கூடாது என்றுவிட்டார். பெல்ட்டுக்குத் திரும்பத்தான் ஆபரேஷன். ஆபரேஷன் செய்தாலோ பெல்ட்டில் அவர் ராஜாவாக இருந்த இடத்துக்கு மட்டும் போக முடியாது. ஊருக்கு பஸ் ஏறினோம். வடலூரில் இறங்கி டீ குடிக்கும்போது அவர் மனைவி மல்லிகாதான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “ஆபரேசன் பண்ணிகினா ஒரே ஒரு எடத்துக்குப் போவக் கூடாது. பண்ணிக்காத வுட்டா எங்கியுமே போவ முடியாது. இதுல இன்னாய்யா யோசன?”

ஊசி

ஆபரேஷன் நல்லபடி முடிந்து, தையல் பிரித்து, குவார்ட்டர்ஸுக்கு வந்தார். நலம் விசாரிக்க வந்த பாதிப் பேர் கையில் சாத்துக்குடி. மீதிப் பேர் கையில் சாவி, ஆணி, ஸ்பேனர். ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டுமாம்! நான் போயிருந்த நேரத்தில் எதிர் பிளாக்குக்காரர் ஒருவர் சேஃப்டி பின்னை நீட்டிக்கொண்டு முட்டியை நெருங்கிக்கொண்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் பின் அவர் சட்டைக்கே திரும்பிப் போனது. இனி இரும்போடு வருகிறவர்களுக்கு உள்ளே இடமில்லை என்று மல்லிகா வாசலிலேயே நின்றுவிட்டாள். பக்கத்து வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிற அக்கா மட்டும் வெறுங்கையோடு வந்து, தயங்கி நின்று, மல்லிகாவிடம் மெதுவாகக் கேட்டார்: “எங்க வூட்ல ஊசி ஒண்ணு கீழ வுழுந்துடுச்சிம்மா. தம்பிய ஒரு நட வந்து நடந்துட்டுப் போவச் சொல்றியா?”

ஒரு சுற்று

காந்தம் சில்லைப் பாதையில் வைக்கும். ஆனால் காலைத் தூக்குவது தசைதான்; அது சோம்பியே கிடந்தால் காந்தம் என்ன செய்யும்? அதனால் தினமும் என்னிடம் வந்து தொடையை இறுக்குவதும் விடுவதுமாகப் பழகினார். கட்டிலில் படுத்தபடியே எனக்கு பெல்ட் பாடமும் நடத்துவார். ரோலரைச் சாய்த்த உடனே மறுபடி கை வைக்கக் கூடாதாம். பெல்ட் முழுசாக ஒரு சுற்று ஓடிவந்த பிறகுதான், சரியாகிவிட்டதா இல்லையா என்று தெரியுமாம். அவசரப்பட்டுத் திரும்பத் திரும்பச் சாய்க்கிறவன் ஃபிட்டரே இல்லையாம்.

இப்படிப் பேசிய மனிதர் ஒரு நாள் முட்டி பூசணிக்காயாக வீங்கி வந்து நின்றார். படி ஏறக் கூடாது என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டும், யாருக்கும் தெரியாமல் மொட்டைமாடிக்கு ஏறி இறங்கியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “ரப்பர் பெல்ட்டுக்கு ஒரு சுற்று பொறுப்பீர்கள், சொந்தக் காலுக்குப் பொறுக்க மாட்டீர்களா?” என்று பொரிந்து தள்ளினேன். தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அந்த எட்டூர்க் குரல் அன்றைக்குத்தான் முதல்முறையாக இறங்கியது: “என் செக்‌ஷன்ல வேற ஆள போட்டுட்டாங்க மேடம். நான் இங்க படுத்துகினு இருக்கறன், பெல்ட்டு அங்க ஓடிகினே இருக்குது.”

அதற்கப்புறம் நான் திட்டவில்லை. அவரும் திருட்டுத்தனமாக ஏறவில்லை.

படி

வேலைக்குத் தகுதியா, லைட் டூட்டியா என்று முடிவுசெய்யும் நாள் வந்தது. சுரங்கத்து ஆஸ்பத்திரி டாக்டர் முன்னால் மாடிப்படியில் ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். நானும் மல்லிகாவும் படிக்குக் கீழே நின்றோம். சில்லு நழுவுகிறவர்கள் எப்படி இறங்குவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம்: உடம்பு பக்கவாட்டில் இருக்கும், கை சுவரில், கண் காலில். ஏறுவது கஷ்டமில்லை, இறங்கும்போதுதான் முட்டி கைவிடும். அவர் மேலே போய்த் திரும்பி நின்றபோது கீழே நான்தான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். இறங்கலாம் என்று டாக்டர் தலையசைத்தார். அன்பழகன் கைப்பிடியைத் தொடவில்லை. திரும்பவில்லை, சாயவில்லை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற ஆள் மாதிரி நேராக இறங்கி வந்தார். மல்லிகா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை. கடைசிப் படியைத் தாண்டி வந்தவர் சொன்னார்: “படிய நான் பாக்கவே இல்ல மேடம். உங்க மூஞ்சியதான் பாத்துகினு வந்தன். நீங்கதான் ரொம்ப பயந்துகினு இருந்தீங்க.”

மஞ்சள் கோடு

மற்றது எனக்கு அவருடைய கூட்டாளி தனசேகர் வந்து சொன்னது. திரும்பி வந்த முதல் நாள் அன்பழகன் பெல்ட்டோரமாக நடந்து போயிருக்கிறார். காந்தத்துக்கு வெகு தூரம் முன்னாலேயே பாதையின் குறுக்கே புதுசாக ஒரு மஞ்சள் கோடு. அந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதேபோல ஒன்று. யாரும் கேட்காமலே கூட்டாளிகள் அடித்து வைத்த பெயிண்ட். காந்தம் சுத்தம் செய்கிற அவர் முறையையும் தங்களுக்குள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாராம்.

அன்றைக்கென்று காந்தம் ஒரு பெரிய இரும்புப் பல்லைக் கவ்விக்கொண்டது. இரண்டு பேர் மல்லுக்கட்டியும் அது வரவில்லை. அன்பழகன் தனியாளாக எத்தனையோ தடவை பிடுங்கிப்போட்ட சமாசாரம். கை பரபரத்திருக்காதா? ஆனால் கால் கட்டைவிரல்கூடக் கோட்டைத் தாண்டவில்லையாம். நின்ற இடத்திலிருந்தே இப்படிப் பிடி, அப்படித் திருப்பு என்று கத்திக் கத்தியே அதை எடுக்க வைத்துவிட்டார். அந்தப் படியைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. புதிதாக வந்த இன்ஜினியர் ஒருவர் இதென்ன கோடு என்று கேட்டதற்கு தனசேகர் சொன்னாராம்: “அங்க ஒரு காந்தம், எங்க அண்ணன் முட்டியில ஒரு காந்தம், சார். ரெண்டும் பேச்சுவார்த்த இல்லாத சம்பந்திங்க. நாங்க நடுவுல நின்னு கல்யாணத்த நடத்திகினு இருக்கறோம்.”

இதைச் சொல்லிவிட்டு தனசேகர் தன் முட்டியையும் தடவிக் காட்டினார்; இரும்பைக் கண்டால் ஒதுங்கியே இரு என்று டாக்டர் சொல்லி அனுப்பிய அந்தக் குட்டிக் காந்தம் இப்போது சுரங்கத்து முட்டிகளையெல்லாம் என் வாசலுக்கு இழுத்து வந்துகொண்டிருக்கிறது, அன்பர்களே, வருகிற எல்லாருக்கும் காந்தம் வேண்டும், பயிற்சிக்குக் காலை நீட்டி மடக்கத்தான் ஆளில்லை.