மூன்றாம் கட்டத்துக் கிணற்றுப் படி

பள்ளம் எதுவானாலும் அதன் விளிம்பில் ஜெயலக்ஷ்மி ஒரு கணம் நிற்பாள். இடது கட்டைவிரலால் கீழ்ப் பொத்தானை இரண்டு தரம் தட்டுவாள். திரையில் இருப்பவன் வாள்வீரனோ முயலோ, இரண்டு தரம் குந்தி எழுவான். அதற்கப்புறம்தான் தாண்டல். தட்டும்போது அவளுடைய உதடு லேசாகக் குவியும், இரண்டாவது தட்டில் விடுபடும். கார் ஓட்டும் ஆட்டத்தில்கூட வளைவுக்கு முன்னால் பிரேக் இரண்டு தரம் விழும். திருவனந்தபுரம் கழக்கூட்டத்து ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரர்களுக்கு இது பழகிவிட்டது. "ஜெயசேச்சி கும்பிட்டாச்சு, இனி சாடலாம்" என்று தாண்டுவதை மலையாளத்தில் சொல்வார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

அந்த ஆபீசின் வேலை, வேறு நாட்டுக் கம்பெனிகள் செய்த வீடியோ கேம்களை வெளிவருமுன் ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது. நாற்பத்தொரு வயதில் அவள்தான் அங்கே மூத்தவள். அதே ஊரில் கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் பிறந்து, பி.காம் முடித்து, சென்னையில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் பதினொரு வருஷம் படிவங்களைச் சரிபார்த்தவள். கணவர் கல்யாணராமனுக்குத் திருவனந்தபுரத்துக்கு மாற்றல் வந்தபோது அந்த வேலையை விட்டுவிட்டு வந்தாள். கையெழுத்து இல்லாத படிவம் கட்டுக்குள் எங்கே இருந்தாலும் கண்ணில் படும் என்பது அவளைப் பற்றி அங்கே சொல்லப்பட்டது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு ஒரு கோர்ஸ் படித்து இங்கே ஒப்பந்தத்தில் சேர்ந்தாள். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். இந்த மார்ச்சில் ஒரே ஒரு நிரந்தர இடம் வந்தது. அது தனக்குத்தான் என்று அவள் நினைத்திருந்தாள். டீம் லீட் அபிஜித்தும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

நினைக்கக் காரணம் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆட்டத்தின் இரண்டாம் பாகத்தை ஒரு கம்பெனி புதிதாக வரைந்து, புது இசை போட்டு, மறுபடி வெளியிடப் போகிறது. அதைச் சோதிக்கும் வேலை இவர்களுக்கு வந்திருந்தது. பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஆரியசாலைக் கடைத்தெருவில் அந்த நாளில் அதற்கு 'லாந்தர்க்காரன் ரெண்டு' என்று பெயர். குள்ளமான ஓர் ஆள், கையில் லாந்தர், எண்ணெய் தீருமுன் அடுத்த கட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும். "பழசை யாராவது ஆடியிருக்கீங்களா?" என்று அபிஜித் கேட்டபோது இருபது பேரில் அவள் ஒருத்திதான் கையைத் தூக்கினாள்.

"ஆடினதா? முடிச்சிருக்கேன்" என்றாள். "பதினோரு வயசுல."

அவளைத் தலைமைச் சோதனைக்காரியாகப் போட்டு அன்றைக்கே பட்டியலை அனுப்பினான்.

பிழையை எழுதி அனுப்புவதற்கு ஆபீசில் 'பக் போடுறது' என்று பெயர். முன்னூற்றுப் பதினொன்றாவது பக் அவள் போட்டது. மூன்றாம் கட்டத்தில் பாழுங்கிணறு ஒன்று வரும். விளிம்பில் நின்று கீழ்ப் பொத்தானை இரண்டு தரம் தட்டினால் கிணற்றின் நடுவில் ஒரு கல்படி நீளும், அதில் கால் வைத்துத் தாண்டலாம். புது ஆட்டத்தில் அந்தப் படி இல்லை. மிகக் கடுமையான பிழை என்று குறித்து அனுப்பினாள். நாலு நிமிஷத்தில் கம்பெனியிடமிருந்து பதில் வந்தது: 'மூல ஆட்டத்தில் இப்படி எதுவும் இல்லை. மூடப்படுகிறது.'

நாலு நிமிஷம். படித்துப் பார்க்கவே அதற்கு மேல் ஆகும். அவள் அதைத் திரும்பத் திறந்தாள். இந்தத் தடவை மூன்று நிமிஷம். அதே வாக்கியம், எழுத்துப் பிசகாமல்.

வியாழக்கிழமை அபிஜித் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டான். உள்ளூர்க் கரமனைக்காரன், இருபத்தொன்பது வயது, வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம். அவளிடம் மட்டும் இரண்டும் கலந்து வரும்.

"சேச்சி, க்ளையன்ட் எனக்கு நேரா மெயில் போட்டிருக்கா. முன்னூத்திப் பதினொண்ணை இனி திறக்கண்டான்னு. அவா குடுத்த பழைய ஆட்டத்தையும் போட்டுப் பாத்தீங்கல்ல? அதுலயும் படி இல்லையே."

"அது பின்னாடி வந்த பதிப்பாயிருக்கும். எடுத்துட்டிருப்பா. நான் ஆடினது ஆதியில வந்ததாக்கும்."

"ஒரு படிதானே? போட்டே, விட்டுடுங்க."

"ஒரு படி இல்லேடா. கிணத்தைத் தாண்டக் கயிறு வேணும். கயிறு ரெண்டாம் கட்டத்துல வௌவால் குகையில கெடைக்கும். ஆனா நன்னா ஆடறவா ரெண்டாம் கட்டத்துக்குப் போகவே மாட்டா. ஒண்ணு முடிஞ்சா நேரா மூணு. கயிறு இல்லாம வந்து நிக்கறவா என்ன பண்ணுவா? அவாளுக்காகத்தான் படி."

அபிஜித் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான். "ஒண்ணு முடிஞ்சா மூணா? நான் ஆடினப்போ ரெண்டு வந்துதே."

ஜெயலக்ஷ்மிக்கும் ரெண்டுதான் வந்திருந்தது, புதுசிலும், அவர்கள் கொடுத்த பழசிலும். அதைப் பக்காகப் போட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. வயசாகிவிட்டது, பதினோரு வயசில் இருந்த வேகம் கையில் இல்லை, அதனால் ஆட்டம் தன்னைக் குகைக்கு அனுப்புகிறது என்றுதான் எண்ணிக்கொண்டாள்.

"மூணாவது தரம் திறந்து, அதையும் அவா தள்ளினா ரிவ்யூல கேறும் சேச்சி" என்றான் அபிஜித். "திங்கள்கிழமை ரிவ்யூ. ப்ரூஃப் இருந்தா திறங்க. இல்லைன்னா விட்டுடுங்க. அந்த போஸ்ட் உங்களுக்குக் கிட்டணும்னு எனக்கு ஆசை, அதான் பறையறேன்."

விட்டுவிடலாம். ஆனால் அவளை இந்த வேலையில் தலைமையாகப் போட்டதே 'முடிச்சிருக்கேன்' என்ற ஒரு சொல்லை நம்பித்தான். படி இல்லை என்றால் அவள் முடித்தது எதை?

சனிக்கிழமை மத்தியானம் கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி ஆரியசாலைக்கு நடந்தாள். சிறு வயதுத் தோழி சபீனாவின் கடையில் மொபைல் கவர்களும் சார்ஜர்களும் கூரையிலிருந்து தொங்கின. சபீனாவின் தகப்பனார் காலத்தில் அது ரேடியோ, டி.வி. கடை. அந்தக் கடைக்கு வந்த லாந்தர்க்காரன் கேசட்டைத்தான் இரண்டு பேரும் ஒரு முழுக் கோடை விடுமுறை ஆடினார்கள், கடையில் விற்பனைக்கு வைத்திருந்த டி.வி.யிலேயே.

"எடி ஜெயா! வழி தெரிஞ்சு வந்தியா, மழைக்கு ஒதுங்கினியா?" என்றாள் சபீனா.

"வெயில் கொளுத்தறது, மழையாம். நம்ம லாந்தர்க்காரன் இருக்கானா?"

"எந்துக்கு?"

"சொல்லக் கூடாது."

"ஓ, பெரிய போலீஸ் ரகசியம்." சபீனா சொல்லிக்கொண்டே ஸ்டூலில் ஏறிவிட்டாள். "அத்தா ஒரு சாமானும் வெளிய போட மாட்டாரு. அவரு போய் ஆறு வருஷமாச்சு, இந்தப் பெட்டிய நான் தொடவே இல்ல."

பெட்டியில் ஆட்டக் கருவியும் இருந்தது, மஞ்சள் கேசட்டும் இருந்தது. அடாப்டர் செத்திருந்தது. கடையில் இருந்ததில் மூன்றாவது அடாப்டர் ஒத்துப்போயிற்று. பின்னறை டி.வி.யில் ஒயர்களைச் செருகியதும் திரை ஒரு தரம் உதறி நின்றது. சபீனாதான் முதலில் ஆடினாள். முதல் கட்டம் முடிந்து கறுப்புத் திரையில் '3' என்று வந்தது.

"கண்டியா, டபுள் ப்ரமோஷன்!" என்று கத்தினாள் சபீனா. அந்தக் கோடையில் வைத்த பெயர் அது. பள்ளியில் நன்றாகப் படிக்கிற பிள்ளையை ஒரு வகுப்பு தாண்டி உட்கார வைப்பதுபோல. ஒன்றுக்கு அடுத்து ஏன் மூன்று என்று இரண்டு பேரும் ஒரு நாள் யோசித்து, தாங்கள் அவ்வளவு நன்றாக ஆடுவதால்தான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் யோசிக்கவில்லை.

கிணறு வந்தது. சபீனா தட்டினாள், இரண்டு தரம். படி நீண்டது. ஜெயலக்ஷ்மி அதை மொபைலில் பிடித்தாள். நாற்பது நொடி வீடியோ, கிணறும் குந்தலும் படியும் தெளிவாக விழுந்திருந்தன.

"போருமா? கிட்டிச்சா ஒன் ரகசியம்?"

"கெடைச்சுது" என்றாள் ஜெயலக்ஷ்மி. அனுப்புவதற்காக மெயிலைத் திறந்தாள். பிறகு மொபைலைக் கவிழ்த்து வைத்தாள்.

இடறியது வேறொன்று. சபீனா முப்பது வருஷமாக எதையும் ஆடவில்லை. முதல் கட்டத்தில் இரண்டு உயிரை விட்டு, எண்ணெய்க் குப்பிகளில் பாதியைத் தவறவிட்டு, தட்டுத்தடுமாறித்தான் வந்து சேர்ந்தாள். அவளுக்கு எதற்கு டபுள் ப்ரமோஷன்?

"தள்ளு, நான் ஆடறேன்."

அவள் மோசமாக ஆடினாள். வேண்டுமென்றே, ஒழுங்காக, வேலையாகச் செய்தாள். முதல் தரம் ஒரு குப்பியும் எடுக்காமல் போனாள். அடுத்த தரம் இரண்டு உயிரைப் பள்ளத்தில் கொடுத்தாள். அப்புறம் கதவுக்கு முன்னால் எண்ணெய் கடைசித் துளிக்கு வரும்வரை நின்றாள். ஒவ்வொரு தரமும் கறுப்புத் திரை, ஒவ்வொரு தரமும் '3'. கடைப் பில்லின் பின்புறத்தில் ஒவ்வொன்றையும் எழுதினாள். வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு வந்து எட்டிப் பார்த்த சபீனாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இந்த ஆட்டத்துக்கா ப்ரமோஷன்? நம்மள ஒண்ணாங் கிளாசுலயே உக்கார வெச்சிருக்கணும்டி!"

பதினொன்றாவது தரமும் '3' வந்ததும் அவள் கருவியை அணைத்துவிட்டுக் கேசட்டைக் கையில் எடுத்தாள். ஒட்டியிருந்த படத்தில் லாந்தர்க்காரன் இருந்தான், 2 என்ற எண் இருந்தது. எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு, எங்கேயும் இல்லை. கையெழுத்து இல்லாத படிவம்.

"சபீ, இதுல ரெண்டாம் கட்டமே கெடையாது" என்றாள். "இது காப்பி. சின்ன சிப்புல அடைக்கறதுக்காக எவனோ குகையை வெட்டி எறிஞ்சிருக்கான். குகை போனா கயிறு போச்சு. கயிறு இல்லேன்னா கிணத்துல எல்லாரும் மாட்டிப்பா. அதுக்கு ஒரு படியைச் செருகி வித்துட்டான்."

"அப்போ நாம?"

"நாம நன்னா ஆடலை. அவ்வளவுதான்."

சபீனா கேசட்டைக் கையில் வாங்கிக்கொண்டாள். "எந்தாயாலும் படி இருக்குல்ல? வீடியோ இருக்குல்ல? எதுக்காச்சும் வேணும்னுதானே எடுத்தே? அனுப்பிடு. குகை இல்லைன்னு அதுல யாருக்குத் தெரியப் போகுது?"

உண்மைதான். வீடியோவில் கிணறு மட்டும்தான் இருந்தது. அனுப்பினால் திங்கட்கிழமை அது ப்ரூஃப். வேறு கண்டத்தில் இருக்கிற ஒருவன் அதைத் தோண்டித் துருவிப் பார்ப்பதற்குள் ரிவ்யூ முடிந்திருக்கும். சபீனா கொடுத்த சுலைமானித் தேநீர் ஆறுகிறவரைக்கும் ஜெயலக்ஷ்மி மொபைலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குடித்து முடித்து வீடியோவை அழித்தாள். கடைப் பில்லை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் மூன்றாவது தரமாக முன்னூற்றுப் பதினொன்றைத் திறந்தாள். மூடுவதற்காகத்தான். 'என் ஆதாரம் நகல் கேசட். பதினொரு தரம் சோதித்தேன். அதில் இரண்டாம் கட்டம் நீக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குறையை மறைக்கவே படி சேர்க்கப்பட்டிருக்கிறது. மூல ஆட்டத்தை நான் ஆடியதில்லை. பிழை என்னுடையது.'

அபிஜித் நாற்காலியோடு உருண்டு வந்தான். "எந்தா சேச்சி இது! இவ்வளவு எழுதணுமா? 'திரும்ப நிகழவில்லை'ன்னு ஒரு வரி போட்டு மூடியிருந்தா மதியே, போதுமே!"

"திரும்ப நிகழறதேடா. பதினொரு தரம் நிகழ்ந்துது."

நிரந்தர இடம் வேறொருவருக்குப் போயிற்று. அவளுக்கு ஒப்பந்தம் இன்னும் ஆறு மாதம் நீண்டது. தலைமையும் கைமாறியது. எந்தக் கட்டம் வேண்டும் என்று புதுத் தலைமை கேட்டபோது இரண்டாம் கட்டம் என்றாள். வௌவால் குகையை யாரும் விரும்பி எடுப்பதில்லை, இருட்டு, கண் எரியும். அவள் அங்கே ஐந்து வாரம் இருந்து நாற்பத்தாறு பக் போட்டாள். மனப்பாடமாக எதுவும் தெரியாத ஒரே கட்டம் அது. ஒவ்வொரு கல்லையும் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டியிருந்தது. நாற்பத்தாறில் ஒன்றுகூடத் தள்ளப்படவில்லை. செப்டம்பரில் அடுத்த இடம் வந்தபோது அவளை நிரந்தரமாக்கினார்கள். குகைக்குள் பள்ளத்து விளிம்பில் நிற்கும்போதும் இரண்டு தரம் தட்டத்தான் செய்தாள். அது போகவில்லை.

அந்த நாலு நிமிஷப் பதிலைப் பற்றித் தெரிந்தது ஆட்டம் வெளியான பிறகுதான். க்ளையன்டின் ஆள் ஒருவர் கடைசி போன் அழைப்பில் பேச்சுவாக்கில் சொன்னதை அபிஜித் கேட்டு வந்து சொன்னான். அது அவளுக்கென்று எழுதிய பதிலே அல்ல. முன்பே எழுதி வைத்து ஒட்டிக்கொண்டிருந்த வாக்கியம். லிமா, கெய்ரோ, டாக்கா என்று வெவ்வேறு ஊர்ச் சோதனைக்காரர்கள் எட்டுப் பேர் அதே கிணற்றில் அதே படியைக் காணோம் என்று பக் போட்டிருந்தார்கள். அவளுடையது ஒன்பதாவது. லிமாக்காரர் கூடுதலாக ஒரு வரி எழுதியிருந்தாராம்: சிறு வயதில் தான் மிக நன்றாக ஆடியதால், ஆட்டம் தன்னை இரண்டாம் கட்டத்துக்கு அனுப்பாமல் நேராக மூன்றுக்கு அனுப்பிவிடும் என்று.